பின்சீட்டுக்கு மேலே காற்று

1
இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. புனேயில், பாணேர் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் சஹானா, "நானே இறக்கின நம்பரை நானே ஏத்திட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு பார்க்கிங்கில் இறங்கிப் போனார். மீதியைப் பிறகு கேட்டு வாங்கினேன். அவர் சொல்லாததை நானே போட்டுக்கொண்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: காற்று கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அது

வேண்டாம். காற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: சஹானா ஒரு கார் கம்பெனியில் காற்றுத்தடையைக் குறைக்கும் குழுவுக்குத் தலைவி. இது இருக்கட்டும். (நேரில் வாங்க, போங்க. கதைக்குள் அவள்.)

2
கார் ஓடும்போது காற்று அதைப் பின்னுக்கு இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பது வண்டியின் வடிவத்தையும் பொறுத்தது. வடிவத்துக்கு ஓர் எண் உண்டு, சின்னதாக இருந்தால் நல்லது. புது மின்சாரக் காருக்கு அது 0.25 ஆக இருந்தது. பின்பக்கக் கூரையைச் சரித்துச் சரித்து, இரண்டு வருஷத்தில் சஹானா அதை 0.23-க்குக் கொண்டுவந்தாள். அந்த விலைக் கார்களில் வேறு யாரிடமும் அது இல்லை. குழுவில் எல்லோருக்கும் கேக் வந்தது.

[வாசகர் கேட்கலாம்: இந்த 0.02-ஆல் என்ன லாபம்? மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் விரட்டினால், ஒரு சார்ஜுக்கு இருபது கிலோமீட்டர் போலக் கூடுதல். வேகம் இரட்டித்தால் காற்றின் இழுப்பு நான்கு மடங்கு. ஆனால் பாணேரிலிருந்து கராடிக்கு நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் மிஞ்சினால் அதிகம். அங்கே பேட்டரியைத் தின்பது காற்று அல்ல, டயரும் ஏசியும்.]

3
பக்தவத்சலம் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், லோஹேகாவில் வீடு. மாதிரி வண்டிகளில் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்வது இப்போது அவர் வேலை. ஆறடிக்கு மேல் உயரம். (இவரை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கதைக்கு வசதியாக நெட்டையாக இருக்கிறாரே என்று. அவர் நிஜமாகவே நெட்டை என்கிறார் சஹானா.)

அன்று சோதனைத் தடத்தில் சஹானா முன்சீட்டில், அவர் பின்சீட்டில். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் தலை கூரையில் இடித்த சத்தம். மறுநாள் கழுத்தில் பட்டையோடு வந்தார். அவள் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

"ஒண்ணுமில்லம்மா, நான்தான் சரியா உக்காரல" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். உட்காரத் தெரியாத குற்றம் தன்னுடையது என்று ஒரு மனிதர் நினைக்கிறார், அவள் சரித்த கூரைக்கு அடியில். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

4
கூட்டம். மேலாளர் ஹர்ஷா கோயம்புத்தூர்க்காரர், கூட்டத்தை ஆங்கிலத்தில் நடத்துவார், கோபம் மட்டும் தமிழில் வரும். கூரையைப் பின்னால் உயர்த்த வேண்டும், எண் பழையபடி 0.25 ஆகிவிடும் என்று அவள் படம் போட்டு விளக்கினாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"0.23-ன்னு போஸ்டர்ல போடலாங்க. தலை இடிக்காதுன்னு போட முடியுங்களா?"

"முடியாது. உக்கார்ந்தா தெரியும்."

குழுவில் இருந்த சியாமளா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் பதவி உயர்வு அந்த எண்ணில் தொங்கியது. வெளியே வந்ததும் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" [இங்கே ஒரு நல்ல பதிலை எழுதினேன். சஹானா சொல்லாததைச் சொல்லவைக்க மனம் வராமல் எடுத்துவிட்டேன்.]

5
கூரை உயர்ந்தது. போஸ்டரில் எண் இல்லை. சியாமளா வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். கார் சுமாராக விற்கிறது. 0.23 இருந்திருந்தால் கூடுதலாக விற்றிருக்குமா? ஹர்ஷா ஆம் என்கிறார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

முடிவு ஒன்று: சியாமளா ஒருநாள் போன் செய்கிறாள். (செய்யவில்லை.)

முடிவு இரண்டு: பக்தவத்சலம் அதே காரை வாங்கி, (அவர் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறார்.)

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு கடை வாசலில் அந்தக் கார் நின்றது. நெட்டையான ஒருவர் குனிந்து பின்சீட்டில் ஏறினார். சஹானா காய்கறிப் பையோடு நின்று பார்த்தாள். கதவு மூடியது. கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே எதுவும் தெரியவில்லை. வண்டி வேகத்தடையை நோக்கி நகர்ந்தது.

இதற்கு மேல் நான் எழுதினால் அது பொய். உங்கள் வீட்டில் உயரமானவர் யார்? அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.