பேய் நாடகம் முடிகிறவரை

"லேபிள்ல பேர் எழுதிருக்கே, கண்ணு தெரியலையா—"

"சொல்ல விடேன் ஷ்யாமளா, நான் வேணும்னா—"

"பர்வதம்னு தமிழ்ல, கொட்டை எழுத்துல!"

"போன வருஷ ஹாலோவீனுக்கு உனக்கு ஹாஸ்பிடல்ல ஈவினிங் ஷிஃப்ட். நாடகம் மிஸ் ஆயிடுமேன்னு உனக்காகத்தான்டி ரெகார்ட் பண்ணினேன். கைக்கு அகப்பட்ட கேசட்டைப் போட்டேன். மறுநாள் சொல்ல மறந்துட்டேன்."

"யாரும் மேல பதியக்கூடாதுன்னுதானே ஓரத்துப் பிளாஸ்டிக்கை உடைச்சு வெச்சேன்?"

உடைத்த ஓட்டைமேல் செல்லோ டேப் ஒட்டிப் பதிந்தவர் அவள் கணவர் பத்மநாபன்தான்.

அமெரிக்காவில் எடிசன் நகருக்குக் குடிவந்ததிலிருந்து ஷ்யாமளாவும் கும்பகோணத்துத் தங்கை பர்வதமும் கேசட்டில்தான் பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் போகிற யார் பெட்டியிலாவது ஒன்று போகும். வந்த கேசட்டிலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். அதனால் பழைய பேச்சு எதுவும் மிஞ்சியதில்லை. அக்டோபர் கடைசியில் பேய் வேஷம் போடும் ஹாலோவீனுக்கு ரேடியோவில் போடும் பழைய பேய் நாடகங்களை ஷ்யாமளா குரல் மாற்றி மாற்றித் தமிழில் நடித்து அனுப்புவாள். ஒருமுறை அதைக் கேட்டுப் பர்வதம் வயிறு வலிக்கச் சிரித்தே ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தாள். அந்த ஒன்றை மட்டும் ஷ்யாமளா திருப்பி அனுப்பவில்லை.

ஆடியில் பர்வதம் செத்துப்போனாள். மூன்று மாதம் அந்தக் கேசட்டைத் தொடப் பயந்தவள், இன்று, ஹாலோவீன் சாயங்காலம்தான் துணிந்து போட்டாள். தங்கையின் சிரிப்புக்குப் பதில் கதவு கிரீச்சிட்டது. எவனோ கரகரவென்று சிரித்தான்.

"கேசட் ஒரு பக்கம் முப்பது நிமிஷம், நாடகம் இருபத்தெட்டு," என்றார் பத்மநாபன் மெதுவாக. "முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டேன். கடைசி ரெண்டு நிமிஷம் அவ இருப்பா. ஃபார்வர்ட் பண்ணட்டுமா?"

"தொடாதேங்கோ. இந்த மெஷின் நாடாவை முழுங்கும்."

ஆக, முழு நாடகத்தையும் கேட்க வேண்டியதாயிற்று. தனி வீட்டில் இருக்கும் கிழவியின் பியானோவைச் சரிசெய்ய ஒருவன் வருகிறான். தினம் ஒரு கட்டை ஊமையாகிறது. காற்று ஊளையிட்டது. ஷ்யாமளா கைகளைக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கரையே முறைத்தாள்.

வாசல் மணி அடித்தது.

"விளக்கை அணைச்சு வெச்சாலும் வரதுகள்," என்று எழுந்தார். "நிறுத்திட்டுப் போறேன்."

"வேண்டாம். திரும்ப ஆன் பண்றேன்னு ரெகார்டை அமுக்குவேள்."

அவர் வெளியே போய், மிட்டாய் கேட்டு வந்த, போர்வை போர்த்திய இரண்டு குட்டிப் பிசாசுகளுக்குச் சாக்லெட் போட்டுவிட்டு வந்தார்.

"என்ன ஆச்சு?"

"அந்தக் கிழவி உயிரோடயே இல்லை."

"சொல்லிட்டானா?"

"அவன் எங்க சொல்றான்? காப்பி குடுக்கறாளே, அவன் கப் சத்தம் கேக்கறது, அவ கப் சத்தம் கேக்கலை." சொல்லும்போது அவள் குரல் பழையபடி ஏறியது. "பர்வதம் கேட்டா—"

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு இது தோணவே இல்லைடி," என்றார் அவர்.

"உங்களுக்கு எதுதான் தோணித்து?"

கிழவி செத்துப் பத்து வருஷம் என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். பியானோ தானாக வாசித்தது. அலறல். இசை. அறிவிப்பாளர் எல்லாரையும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார்.

டொக்.

போன வருஷம் பத்மநாபன் ரெகார்டிங்கை நிறுத்திய இடம். ஷ்யாமளா தரையில் இறங்கி, ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

"...இங்க ஒரே மழை. கரண்ட் எப்ப வேணா போகும். உன் கதையைக் கேட்டுட்டு, கொல்லைப்பக்கம் போறதுக்கு இவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவருக்கு என்னைவிடப் பயம், முன்னாடி நீ போங்கறார்!" சிரிப்பு, கொஞ்சம் இருமல். "இரு, இரு, டேப் தீரப்போறதாம், கையைக் காட்டறார். சொல்ல வந்ததை விட்டுட்டு என்னென்னமோ பேசிட்டேன். சரிக்கா, நான் போயிட்டு வரட்டுமா?"