தையல்காரர் தைத்த கனமான கவுன்

தையல்காரருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. யாரோ கொடுத்த துணியில் ஒரே சட்டைக்கு மூன்று கைகளை வெட்டி வைத்திருந்தார். தெருமுனையில் சுகாதார நர்ஸ் தராசுப் பையோடு வந்துகொண்டிருந்தார்.

குறைமாதத்தில் பிறந்த மகள் எடை ஏறாமல் அடம்பிடித்தாள். இந்த வாரமும் ஏறவில்லை என்றால் மறுபடி பெரிய ஆஸ்பத்திரிதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே மனைவி அழுத அழுகை இன்னும் அவர் காதில் இருந்தது. அதனால் மனிதர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். திரைச்சீலை நேராகத் தொங்குவதற்காக வைத்துத் தைக்கும் இரும்புத் துண்டுகளை மகளின் கவுன் விளிம்பில் சுற்றிலும் வைத்துத் தைத்துவிட்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

நர்ஸோ ஆடி அசைந்து வந்தார். டீக்கடைக்காரரின் கால் புண்ணைக் குனிந்து பார்த்தார். மளிகைக்காரரை மடக்கி, மாத்திரை போட்டாரா என்று கேட்டார். வேன் டிரைவரின் இருமல் பிடிக்கவில்லை போலும், சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார். அந்தத் தெருவில் யாருக்கு எங்கே வலி என்பது பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும். "சீக்கிரம் வந்து தொலையுங்களேன்," என்று தையல்காரர் பல்லைக் கடித்தார்.

ஒருவழியாக வந்தார். கதவு நிலையில் தராசைத் தொங்கவிட்டார்.

"கவுனோடயே எடை போட்டுடுங்க சிஸ்டர். கழட்டினா சளி பிடிச்சுக்கும்."

"சரிண்ணே."

முள் விர்ரென்று ஓடியது. நர்ஸ் முள்ளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கடைசியில் தையல்காரரைப் பார்த்தார்.

"ஒரே வாரத்துல முக்கால் கிலோ. இப்படியே போனா அடுத்த மாசம் இவ உங்களைத் தூக்கி இடுப்புல வச்சுக்குவாண்ணே."

அங்குலக் கணக்கு அத்துப்படியான மனிதர் கிராம் கணக்கில் கோட்டை விட்டிருந்தார். நர்ஸ் கழற்றிப் போட்ட கவுன் 'டணங்' என்று தரையில் விழுந்தது.

"நான் இதை நம்பிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்ணே?"

மெதுவாகத்தான் கேட்டார். சத்தியமாக அதைத் தையல்காரர் யோசிக்கவே இல்லை. குழந்தையை வெறும் உடம்போடு தராசில் வைத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏறியிருக்கு. இருநூறு கிராம்."

"எப்படி சிஸ்டர்?"

"பக்கத்து வீட்டு அக்கா தினமும் எதுக்கு வந்து உங்க வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கிறாங்க? மாடி வீட்டுப் பொண்ணு எதுக்குத் துணி துவைக்குது? எல்லாம் நான் சொல்லித்தான். குழந்தையோட அம்மா நல்லாத் தூங்கணும், குழந்தையை நெஞ்சோட வச்சிருக்கணும், மத்ததைத் தெரு பாத்துக்கும்னு."

அவர்களெல்லாம் ஊர்வம்பு பேச வருகிறார்கள் என்றல்லவா தையல்காரர் முணுமுணுத்துக் கொண்டிருந்தார்!

மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கவுனை எடுத்துக் கணவர்மேல் ஓங்கினாள்.

"அதால வேண்டாம்மா," என்று நர்ஸ் கையைப் பிடித்தார். "மண்டை உடைஞ்சா நான்தான் தையல் போடணும்."

குழந்தையும் ஏதோ புரிந்தாற்போல் காலை உதைத்தது. அந்தக் கும்மாளத்தில் பக்கத்து வீட்டு அக்கா புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தார். "ஏறிச்சா?" என்று கேட்டபடியே நேராக அடுக்களைப் பக்கம் நடந்தார்.

தையல்காரர் குறுக்கே போய் நின்றார்.

"ஏறிடுச்சுக்கா. நீங்க உக்காந்து குழந்தையைப் பாருங்க. பாத்திரத்தை இன்னைக்கு நான் தேய்க்கிறேன்."

"நாளைக்கு?" என்றார் நர்ஸ், தராசை மடித்துக்கொண்டே.