எறும்புக்கு மூன்று கரண்டி

“எறும்புத் தாத்தா, டீ குடிக்கும்போது ஏன் கண்ணை மூடிக்கிறீங்க?”

போன வருடம் பேத்தி கேட்ட கேள்வி. அப்போது அவளுக்கு ஐந்து வயது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “சர்க்கரைன்னா தாத்தாவுக்கு அப்படி ஒரு சொக்கு” என்று அவர் மனைவி பதில் சொன்னாள். தாத்தா டம்ளரில் மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத் தன் தங்கை உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

இன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். எழுபத்திரண்டு வயது. கூடத்தின் நடுவில் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையோடு கிடத்தியிருந்தார்கள். தங்கை சீப்பைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அவர் தலையை வாரிக்கொண்டிருந்தாள். உச்சியில் ஒரு கொத்து முடி படியவே மாட்டேன் என்றது.

“விட்டுடு பூட்டு. இருந்தப்பவே அது யார் பேச்சையும் கேட்டதில்லை” என்றாள் அவளுடைய அண்ணி, இறந்தவரின் மனைவி, அழுகைக்கு நடுவில்.

பூட்டு என்பது தங்கைதான். முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். அவள் வராந்தாவில் நடந்து வந்தால் வகுப்புகள் அடங்கிப்போகும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் வெறும் பூட்டு.

அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, இன்னொன்று வாழ்வதற்கு. ஐந்தாறு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு கூத்து அடிக்கும். அண்ணன் தங்கையின் சித்தி அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிடுவாள். அதற்கப்புறம் ஆண்டவனே நினைத்தாலும் மாற்ற முடியாது. அண்ணனின் மகன், இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டுக்குக் கொண்டுபோனதால் தபால். மகள், எந்நேரமும் வாசலில் ஊசலாடியதால் கதவு. தபாலின் மகள் ஒரு வாளிக்குள் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல், வாளியோடேயே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள், அவள் வாளி. கல்யாணமாகி வந்தவர்களுக்குச் சித்தி பெயர் வைப்பதில்லை. அண்ணிக்கு அது தீராத மனக்குறை.

“நாப்பத்தஞ்சு வருஷம் இந்த வீட்டுல உழைச்சாச்சு. எனக்குன்னு ஒரு பேரு உண்டா?” என்று இன்றும்கூட ஒரு தடவை சொல்லி அழுதாள்.

“அழாத. யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்” என்றாள் சித்தி. அவளுக்கு எண்பத்தொன்பது வயது. மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். காது மட்டும் கூர்மை.

தங்கை சீப்பை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. நாலு மணிக்கு எடுத்துப்போக வண்டி வரும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். காலையில் தொலைபேசி வந்த நிமிடத்திலேயே, ‘கடவுளே, இன்னைக்காவது என் வாயைத் திற’ என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள்.

அறுபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய சமாசாரம். அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பத்து. விருந்தாளிகளுக்கென்று சமையலறை மேல்தட்டில் சர்க்கரை டப்பா ஒன்று இருந்தது. அவள் முக்காலி போட்டு ஏறி, அதை எடுத்து, அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பயத்தில் இன்னும் ஒரு பிடியை வாய்க்குள் திணித்தாள். அந்த நேரத்தில் உள்ளே வந்த அண்ணன் அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான்.

“யாருடா எடுத்தது?” என்றார் அப்பா.

“நான்தான்.”

இரண்டு அறை விழுந்தது. அப்பா அவள் பக்கம் திரும்பி, “நீ பார்த்தியா?” என்று கேட்டார். அவளால் எப்படி வாயைத் திறக்க முடியும்? இரண்டு கன்னமும் உப்ப, கண்ணில் தண்ணீர் வழிய நின்றாள்.

“பார்த்தீங்களா மாமா, அண்ணனைக் காட்டிக் குடுக்க மாட்டேங்கறா! வாயில பூட்டு போட்டுக்கிட்டு நிக்கறா” என்று உருகிப்போனாள் வாசற்படியில் நின்ற சித்தி. அன்றைக்கு ஒரே மூச்சில் இரண்டு பெயர் வைத்த பெருமை அவளுக்கு. அவன் எறும்பு. இவள் பூட்டு.

அண்ணனுக்கு இனிப்பே ஆகாது. சின்ன வயதிலிருந்தே பல் கூசும், குமட்டும். ஆனால் எறும்பு என்று பெயர் வந்தபின் யார் வீட்டுக்குப் போனாலும், “எறும்பாச்சே!” என்று மூன்று கரண்டி போட்டுக் கொடுத்தார்கள். சிலர் பிரியம் மிகுந்து நாலு போட்டார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் பழைய கதையைத் தோண்டுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

தங்கையோ அன்று சாயங்காலமே, இனிச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று கடவுளிடம் சொல்லிவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளை போட்டுக்கொண்ட தண்டனை. அதை எடுத்துவிட அவளுக்குத் தைரியம் வரவே இல்லை. இனிப்பு என்றால் இன்றைக்கும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் வீட்டில் எல்லாரும், “பூட்டுக்கு இனிப்பே பிடிக்காது” என்று முடிவு கட்டிவிட்டார்கள். இப்படியாக ஆயுள் முழுக்க, அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு தப்பான டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை யாரும் இல்லாத நேரத்தில் டம்ளரை மாற்றிக்கொள்ளலாமா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

“நான் சொல்லிடறேன் அண்ணா” என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

“சொன்னா நமக்கு வேற பேரு தேடணும். சித்திக்கு வயசாயிடுச்சு, தொந்தரவு பண்ணாதே” என்பார்.

பன்னிரண்டு மணிக்குத் தபால் அச்சகத்திலிருந்து இரங்கல் அறிவிப்புக் கட்டோடு வந்தான். தங்கை ஒன்றை உருவிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ‘எங்கள் அன்பு எறும்பு இன்று காலை இயற்கை எய்தினார். ஆழ்ந்த துயரத்தில்: பூட்டு, தபால், கதவு, வாளி.’

“என்னடா இது?”

“அச்சகக்காரரு பேரெல்லாம் கேட்டாரு அத்தை. சொன்னேன்.”

“பழைய சாமான் ஏலம் மாதிரி இருக்கே!”

“அந்தாளும் அதையேதான் கேட்டாரு. ‘தம்பி, இது வீட்டு அறிவிப்பா, கடை அறிவிப்பா’ன்னு.”

“இதுலயும் என் பேரு இல்லை” என்றாள் அண்ணி, அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு.

மறுபடி அச்சடிக்க நேரம் இல்லை. இருநூறும் அப்படியே தெருவில் போய்ச் சேர்ந்தன.

ஒரு மணி வாக்கில் தலை நரைத்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். அண்ணனின் பள்ளிக்கூடப் பெயரை முழுசாகச் சொல்லி, வீடு இதுதானா என்று கேட்டார்.

“அப்படி யாரும் இங்க இல்லைங்களே. ரெண்டு தெரு தள்ளி விசாரிச்சுப் பாருங்க. எங்க வீட்டுல அப்பா தவறிட்டாரு, மன்னிச்சுக்கோங்க” என்று தபால் பணிவாக வழி சொல்லி அனுப்பினான்.

வந்தவர் வெயிலில் இரண்டு தெருவும் அலைந்துவிட்டு, வேர்வை ஒழுகத் திரும்பி வந்தார். “தம்பி, லாரி ஓட்டினவருப்பா. ஆறடி இருப்பாரு. இடது முழங்கையில ஒரு நீளத் தழும்பு...”

தபால் நெற்றியில் அடித்துக்கொண்டான். “அட, எங்க அப்பாதான்! உள்ள வாங்க, உள்ள வாங்க.”

வந்தவர் அண்ணனோடு இருபது வருடம் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டிய டிரைவர். பெட்டியின் அருகில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரோரம் உட்கார்ந்தார். கதவு அவருக்கு டீ கொண்டுவந்தாள்.

“சர்க்கரை இல்லாம கிடைக்குமாம்மா? அண்ணன்கூட ஓடி ஓடி ஒட்டிக்கிட்ட பழக்கம். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ரெண்டு பேருக்கும் அதான்.”

“யாரு கூட?” என்றாள் அண்ணி.

“அண்ணன் கூடத்தான். கடைக்காரன் மறந்துபோய்ச் சர்க்கரை போட்டுட்டா, கீழே ஊத்திட்டு வேற கேப்பாரு. பல்லு கூசுதுடா, குடலைப் புரட்டுதுடான்னு அப்படித் திட்டுவாரு.”

பிறகு கதவு தன் அண்ணனின் காதருகே குனிந்தாள். “டேய், இவரு வீடு மாறித்தான் வந்திருக்காரு.”

“தழும்பு சரியாச் சொன்னாரே.”

“தழும்பு யாருக்குத்தான் இல்லை? அந்த ரெண்டு தெருவுல சரியாத் தேடினாரான்னு கேளு.”

தங்கை எழுந்து நின்றாள். எத்தனை பிள்ளைகளை மேசைக்கு முன்னால் நிறுத்தி, ‘உண்மையைச் சொல்லு, ஒண்ணும் பண்ண மாட்டேன்’ என்று சொல்லியிருப்பாள்! அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இத்தனை குளிர் என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

“அவர் சொல்றது நிஜம். அண்ணனுக்குச் சர்க்கரையே பிடிக்காது. அன்னைக்கு டப்பாவிலேர்ந்து எடுத்துத் தின்னது நான். எனக்காக அண்ணன் அடி வாங்கினாரு. என் வாயில பூட்டு இல்லை சித்தி, சர்க்கரை இருந்தது.”

சொல்லிவிட்டாள். இடி விழும் என்று காத்திருந்தாள்.

சித்தியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. “பார்த்தீங்களாடி! ஆறு வயசுலயும் காட்டிக் குடுக்கலை, இன்னைக்கும் குடுக்கலை. செத்துப்போன அண்ணன் மேல ஒரு சின்னப் பழிகூட இருக்கக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கறா.”

“இல்லை சித்தி, நிஜமாவே...”

“சர்க்கரையைத் தொடாதவ, சர்க்கரை திருடினாளாம்!” அண்ணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “இப்படி ஒரு தங்கச்சி யாருக்கு வாய்க்கும்?”

“அண்ணி, கேளுங்க. முக்காலி போட்டு ஏறினேன்...”

“போதும் பூட்டு. பொய் சொல்லத் தெரியலை உனக்கு. உடம்பெல்லாம் எப்படி நடுங்குது பாரு.”

“சாட்சி யாரு?” என்றாள் சித்தி, நீதிமன்றத்தில் கேட்பதுபோல.

“நானும் அண்ணனும்தான் இருந்தோம்.”

“அப்ப அவனைத்தான் கேக்கணும்” என்று சித்தி பெட்டியைக் காட்டினாள்.

கூடம் முழுவதும் அழுதது. டிரைவர்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலையில் இருந்ததைவிடத் தங்கையின் மதிப்பு இரண்டு பங்கு கூடிவிட்டது. அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். பொய்யை ஒரே நொடியில் நம்பிய வீடு, உண்மையை இத்தனை அன்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டதே என்று இருந்தது. யாரையும் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. பிரியத்தில் செய்கிறவர்களை என்ன சொல்வது? அண்ணனும் இதனால்தான் கண்ணை மூடிக்கொண்டாரோ என்னவோ.

மூன்றரை மணிக்கு வாளி சமையலறையிலிருந்து வந்தாள். காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தது.

“என்னடி அது?” என்றான் தபால்.

“தாத்தாவுக்குச் சர்க்கரை. போற இடத்துல இருக்கோ இல்லையோ.”

கூடம் மறுபடி உடைந்து அழுதது. வாளி எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. தபால் அவளைத் தூக்கிப் பிடிக்க, பொட்டலத்தைத் தாத்தாவின் சட்டைப் பையில் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளும் சமையலறைக்கு ஓடினார்கள். அப்புறம் கதவு ஒரு பொட்டலம் போட்டாள். அண்ணி ஒன்று போட்டாள். “என்னோடதையும் போடுங்க. நாலு கரண்டியா மடிங்க” என்று சித்தி சொல்லி அனுப்பினாள். சட்டைப் பை புடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் அதையே பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

நாலு மணிக்குச் சரியாக வண்டி வந்தது. ஆனால் தெரு முனையில் யாரோ குறுக்கே நிறுத்தியிருந்த காரால் தெருவுக்குள்ளே திரும்ப முடியவில்லை. ஆண்கள் எல்லாரும் காரைத் தள்ளப் போனார்கள். தள்ளுவதைப் பார்க்கப் பெண்களும் பிள்ளைகளும் வாசலுக்குப் போனார்கள். அண்ணி முகம் கழுவப் பின்பக்கம் போனாள். ‘எல்லாத்தையும் நானே பார்த்துச் சொல்லணும்’ என்று சித்தியும் தன் நாற்காலியை வாசலுக்குத் தூக்கிப்போகச் சொன்னாள்.

கூடத்தில் தங்கை மட்டும் இருந்தாள்.

அவள் கைப்பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் ஓரமாகக் குனிந்து, அண்ணனின் சட்டைப் பையிலிருந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். வாளி மடித்தது அவிழ்ந்து, சட்டைப் பைக்குள் கொஞ்சம் சிந்தியிருந்தது. பையை வெளிப்பக்கமாகத் திருப்பி உதறினாள். தையலின் மூலையில் நாலைந்து மணிகள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆள்காட்டி விரலைச் சீப்புக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து அவற்றையும் ஒற்றி எடுத்தாள். விரலை எங்கே துடைப்பது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு வாயில் வைத்துக்கொண்டாள்.

“வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்” என்று தெருவில் வண்டிக்குத் தபால் வழிகாட்டும் சத்தம் கேட்டது.

அவள் பையை உள்ளே தள்ளி, சுருக்கம் போக இரண்டு தடவை நீவிவிட்டாள். அது தட்டையாகப் படிந்துகொண்டது.