நிலாவில் இரண்டேகால் கிலோ

காலை ஆறரைக்கு மஹ்பூபா மரப்பெட்டியில் ஏறி இறங்கத் தொடங்கினால், கீழ் வீட்டுச் சிங்காரவேலுவுக்குத் தலைமேல் இடி இறங்கும். பாவம், அந்த மனிதர் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் கட்டையைச் சாய்த்திருப்பார். இரண்டு நாள் துடைப்பக் கட்டையால் மேலே தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் படியேறி வந்தேவிட்டார்.

"யம்மா, ராத்திரி பூரா மைன்ஸ்ல அலைஞ்சிட்டு வந்து படுத்துக்கினு இருக்கேன். மேல மாடா கட்டி வச்சிக்கினு இருக்கீங்க?"

மஹ்பூபாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நிறுத்த முடியாதே. சுரங்கத்து மீட்புக் குழுவில் முதன்முறையாகப் பெண்களை எடுக்கிறார்கள். நிலக்கரியை வெளியே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டின் கன்ட்ரோல் ரூமில் பத்து வருடமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். எங்காவது புகை என்றால் உள்ளே ஓடி ஆளைத் தூக்கி வருகிறவர்களில் தானும் ஒருத்தியாக வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை. வயது வரம்பு முப்பத்தைந்து. ஜனவரி வந்தால் அவளுக்கு அது தாண்டிவிடும். பதிமூன்றரை கிலோ மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு, ஓரடிப் பெட்டியில் எட்டு நிமிடம் விடாமல் ஏறி இறங்க வேண்டும். அவளால் முடிந்தது நாலு நிமிடம். தேர்வுக்கு இருப்பதோ இருபது நாள். தெருவில் போய்ப் பழகலாம்தான், ஆனால் அடுப்பில் குக்கர் இருக்கும்போது எந்தப் பெண் தெருவுக்குப் போவாள்?

கருவிக்குப் பதில் ஸ்கூல் பையில் அரிசி. அதை நிறுத்துக் கட்டிக்கொடுத்தவன் கணவன் பரீத். பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தாலும் அவன் மனசு முழுக்க வானத்தில்தான். நேரம் பார்க்கச் சொன்னால் வாய் சும்மா இருக்காது.

"இந்த மூட்டை நிலாவுல ரெண்டேகால் கிலோ கனம்தான், தெரியுமா?"

"அப்ப டெஸ்ட்ட அங்கியே வைக்கச் சொல்லுங்க."

"வெள்ளி கிரகம் தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள சூரியனையே முழுசா சுத்தி வந்துடும்."

"எனக்கு இந்த நாலு நிமிஷமே நாலு வருஷமா இருக்கு. பேசாம இருங்க!"

சிங்காரவேலு வந்துபோனதும் அவன் உண்மையிலேயே பேசாமல் இருந்தான். ஆனால் எவ்வளவு நேரம்? "விண்வெளி நிலையத்துலயும் இதே தலைவலிதான்," என்று ஆரம்பித்தான். அங்கே எடையே தெரியாமல் மிதப்பதால் எலும்பும் தசையும் தேய்ந்துவிடுமாம். தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும். ஒருவர் ஓடினால் எல்லாம் அதிரும், பக்கத்தில் நடக்கும் நுட்பமான சோதனைகள் கெடும். அதனால் ஓடுகிற இயந்திரத்தை, அதிர்வு வெளியே போகாதபடி ஸ்பிரிங்குகளில் தனியாகப் பொருத்தி வைத்திருக்கிறார்கள்.

மஹ்பூபாவுக்குப் பொறி தட்டியது. அதிர்வைத் தாங்க ரப்பர் போதாதா? சுரங்கத்திலிருந்து ஏலத்தில் போன பழைய ரப்பர் கன்வேயர் பெல்ட்டைத்தானே சுற்றுப்பட்டு ஊர்களில் மாட்டுக்குக் கீழே விரிக்கிறார்கள்! மாலையே கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, வடக்குத்து ஊர்ல உங்க தம்பி மாட்டுக்கொட்டாய்ல பழைய பெல்ட்டு கெடக்குதா?"

சிங்காரவேலுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாடுன்னு ஏதோ தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டேம்மா, அதுக்காக..."

விஷயம் தெரிந்ததும் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளே விரல் பருமனில் இரண்டு துண்டுகளை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். எத்தனை கழுவியும் சாண வாடை போகவில்லை. நடுவில் பழைய மெத்தையை மடித்துப் போட்டு, மேலே பெட்டியை வைத்தார்கள். "இப்ப ஏறும்மா," என்று சொல்லிவிட்டு அவர் கீழே போய்ப் படுத்தார். அன்று துடைப்பக் கட்டை பேசவில்லை, ஜன்னல் வழியே குறட்டைதான் கேட்டது.

ஐந்து நிமிடம் ஆறானது. ஆறு ஏழானது. ஆனால் எட்டை அவள் ஒருநாளும் தொடவே இல்லை.

தேர்வுக்குப் பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் சின்னஞ்சிறுசுகள். நாலாம் நிமிடத்தில் பக்கத்துப் பெட்டி காலியானது. ஆறாம் நிமிடத்தில் மஹ்பூபாவின் தொடை வெடவெடத்தது. தொணதொணக்கப் பரீத் பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்தது. வேறு வழியின்றி அவளே மனசுக்குள் பேசினாள். சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிடம் இருபது விநாடி. நான் முதல் தடவை ஏறியபோது கிளம்பியது, இப்போதுதான் வெள்ளியைத் தாண்டியிருக்கும். அது பாதி வழியில் நிற்கவா போகிறது? நான் மட்டும் ஏன் நிற்கணும்?

"எட்டு நிமிஷம் முடிஞ்சிடுச்சும்மா, நிறுத்துங்க," என்றார் அதிகாரி.

"இன்னும் இருவது செகண்ட் இருக்குங்க சார்!"

அவர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அவள் ஏறினாள், இறங்கினாள், இன்னும் ஏறினாள். கீழே உட்கார்ந்துவிட்ட பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இருபதாவது விநாடியில் இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். ஜன்னல் வெயில் முகத்தில் அடித்தது.

நாடி பார்த்துவிட்டு அதிகாரி பட்டியலில் அவள் பெயரை எழுதினார். "திங்கக்கெழம ரெஸ்க்யூ ஸ்டேஷனுக்கு வந்துடுங்க."

கருவியைக் கழற்ற ஒரு பெண் ஓடி வந்தாள். மஹ்பூபா பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் கண்ணீருமாக, "கொஞ்ச நேரம் இருக்கட்டும் விடும்மா," என்றாள், "இது என்னோடது."