விடுபட்ட ஆறு பேர்

பன்னிரண்டு பேரை வேலையிலிருந்து தூக்கச் சொல்லிப் பட்டியல் வந்தது. ஆறு பேர்தான் போனார்கள். மீதி ஆறு பேர் புதன்கிழமை காலையிலும் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, காப்பி குடித்து, மீட்டிங்கில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் போகவேண்டியவர்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

தப்பு என்னுடையது. ஆட்களை வெளியே அனுப்பும் அந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலை, எங்கள் பேச்சில் 'கோடு', மூன்று வருஷம் முன்னால் நான்தான் எழுதினேன். பட்டியலில் ஒவ்வொரு ஊழியர் எண்ணாக எடுத்து, அவருடைய கம்ப்யூட்டர் கணக்கைப் பூட்டி, வேலை முடிந்தது என்று சொந்த மெயிலுக்குக் கடிதம் அனுப்பி, அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். அப்போதெல்லாம் எங்கள் கம்பெனியில் ஆட்கள் ஒருவர் ஒருவராகத்தான் போவார்கள், கேக் வெட்டி. அதனால் ஒரே ஓர் ஆளை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். அழகாக ஓடியது.

"திங்கக்கிழமை ஓடினதுல பாதிப் பேரு அப்படியே இருக்காங்களாம்," என்றார் எங்கள் டீம் லீட் பத்ரிநாத். "எச்.ஆர். வீணா தலைமேல நிக்கிறாங்க. நீ எழுதினதுதானே, ரக்ஷிதா? சீக்கிரம் பாரு. எம்ப்ளாயி நம்பர் மட்டும்தான் குடுத்திருக்காங்க. யாரு என்னன்னு நோண்டாத. எனக்கும் தெரியாது."

அவருக்குத் தெரியாதுதான். தெரிந்திருந்தால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். மனிதர் அவ்வளவு அப்பாவி.

என் பக்கத்து நாற்காலி காலி. திங்கட்கிழமை வரை அங்கே ரக்ஷா இருந்தாள். அவள் ஸ்கிரீன் பூட்டிக்கொண்டதும் கூடவே லிஃப்ட் வரை போய், "உனக்கு இதைவிட நல்லதா கிடைக்கும்டி" என்றேன். சொல்லும்போதே, நல்லவேளை நான் இல்லை என்று உள்ளே ஒரு நிம்மதி. அதற்கப்புறம் இரண்டு நாளாக எனக்கு எதுவுமே தோன்றவில்லை. சாப்பிட்டேன், ஜீவனஹள்ளியில் பஸ் பிடித்தேன், வேலை பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

கோளாறு ஐந்தே நிமிஷத்தில் பிடிபட்டது. ஆதார் மையத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைப்பார்களே, அதுதான். முதல் ஆள் எழுந்து போனதும் இரண்டாவது ஆள் முதல் நாற்காலிக்கு நகர்ந்துவிடுகிறார். என் கோடு அதைக் கவனிப்பதில்லை. முதல் நாற்காலி முடிந்தது என்று இரண்டாவது நாற்காலியைப் பார்க்கிறது. அங்கே இருப்பதோ மூன்றாவது ஆள். நடுவில் ஒருவர் தப்பிவிட்டார். இப்படியே ஒன்று விட்டு ஒன்று, கடைசி வரை. காலேஜ் பிள்ளைகள் செய்கிற தப்பு! பின்னாலிருந்து தொடங்கினால் போதும். கடைசி ஆள் எழுந்து போனால் யாரும் நகர வேண்டியதில்லை.

திருத்தினேன். விடுபட்டவர்கள் யார் யார் என்று சரிபார்க்கத் திங்கட்கிழமைப் பட்டியலைத் திறந்தேன். ஏழாவது எண் 2216. எட்டாவது 2217.

2216 ரக்ஷா. 2217 என் கழுத்தில் தொங்குகிற எண். நானும் ரக்ஷாவும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவள் எழுந்து போனாள், நான் அவள் இடத்துக்கு நகர்ந்தேன், என் கோடு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்த பிறகு எங்கள் வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அதுவும் ஞாபகம் வந்தது, யாரோ வேற்று வீட்டு விஷயம் போல. லிஃப்ட் வாசலில் நான் சொன்ன ஆறுதலை நினைத்தபோது மட்டும் வெட்கமாக இருந்தது.

என் எண்ணை அழித்துவிடலாம். கை அந்த வரி வரை போனது. ஆனால் வீணா ஆறு பேருக்காகக் காத்திருக்கிறாள். ஐந்து பேர்தான் போனார்கள் என்றால் மறுபடி கூப்பிடுவாள், அதைச் சரிபண்ணவும் என்னிடம்தான் வருவார்கள். அதோடு, என் கோடு இன்னொரு தடவை தப்பு என்று பெயர் வாங்க எனக்கு மனசில்லை. வேலையைவிட அது பெரிதா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் மிச்சமிருந்தது.

பத்ரியிடம் காட்டினேன். "பின்னாலேர்ந்தா? கரெக்ட்," என்று ஓகே போட்டார். போனில் வீணா, கன்னடம் கலந்து, "ஸ்வல்ப சீக்கிரம் ஓட்டிடுங்க, ப்ளீஸ்," என்றாள்.

விடுபட்ட ஆறு எண்களையும் போட்டு ஓட்டினேன். பன்னிரண்டாவது எண் போனது. பத்தாவது போனது. அப்புறம் ஸ்கிரீன் கறுத்துவிட்டது. பைக்குள் என் போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது.

"ஆறும் போச்சா?" என்று பத்ரி தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"மூணு போச்சு, பத்ரி," என்றேன். "மூணாவது நான்தான். மீதி மூணை நீங்கதான் பாக்கணும். எனக்கு ஸ்கிரீன் பூட்டிக்கிச்சு."