எண்பத்தோரு கரிக்கோடுகள்

சுவரில் நாளுக்கு ஒன்றாக எண்பத்தோரு கரிக்கோடுகள் இருந்தன. அவற்றில் கடைசி மூன்றும் பொய் என்பது லீலாபாய்க்கு மட்டும் தெரியும்.

விஷயம் இதுதான். அவள் அண்ணன் ஞானசிங், பத்தொன்பது வயதில் சாராயம் குடித்துவிட்டு, சுசீந்திரத்து வயல் வரப்பில் ஓர் எருமையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வியாகுலம்மாளிடம் கொண்டுபோனார்கள். அவள் மருந்து தந்தாள், கூடவே ஒரு குண்டையும் போட்டாள்.

"ஒரு வருஷ வைத்தியமாக்கும். பத்தியம் அவனுக்கு மட்டுமில்ல, வீட்டுக்கே. ஆளுக்கு ஒண்ணை விடணும். ஒருத்தர் தப்பினாலும் எல்லாரும் முதல்ல இருந்து எண்ணணும்."

அப்பா சுந்தரராஜ் மூக்குப்பொடியை விட்டார். அம்மா சத்தியபாய் போயிலையை விட்டாள். பதினாலு வயது லீலாபாய், பானையிலிருந்து புளி திருடித் தின்பதை விட்டாள். ஊரெல்லாம் நாஞ்சில்நாடு தமிழ்நாட்டோடு சேருமா என்று கொதித்துக்கொண்டிருக்க, அந்த வீட்டில் மட்டும் ஒருவர் வாயை ஒருவர் மோந்து பார்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

எழுபத்தொன்பதாம் நாள் அவள் புளிப்பானைக்குள் கையை விட்டாள்.

சொன்னால் அண்ணனின் கோடுகள் அத்தனையும் அழியும். அந்த எரிச்சலில் அவன் நேரே சாராய ஷாப்புக்குப் போய்விட்டால்? சொல்லாவிட்டாலோ, தின்ற புளி நெஞ்சிலேயே நின்றது.

எண்பத்தோராம் நாள் சாயங்காலம் அப்பா கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். நடுவில் தும்மினார். ஒன்றல்ல, ஒன்பது. ஒன்பதாவது தும்மலில் அவர் மடியிலிருந்த பொடிமட்டை பாயில் விழுந்தது.

"என்னவாக்கும் இது?" என்று அம்மா வாயைத் திறக்க, கன்னத்துக்குள் அடக்கியிருந்த போயிலை எட்டிப் பார்த்தது.

லீலாபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாயில் உருண்டாள். "நானும் தின்னேன்! புளி! ஒரு உருண்டை!"

"ஏட்டி கள்ளி!" என்றாள் அம்மா, போயிலையோடு.

"முதல்ல நீ துப்பிட்டுப் பேசு" என்றார் அப்பா, அடுத்த தும்மலோடு.

மூவரும் கண்ணீர் வழியச் சிரித்தார்கள். ஞானசிங் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். லீலாபாய் எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, கோவமா?"

"முப்பதாம் நாளு" என்றான் அவன். "ஷாப்புல. ஒரு கிளாஸ். எனக்காவ நீங்க எல்லாரும் முதல்ல இருந்து எண்ணணுமேன்னு சொல்லல்ல. அதுக்குப் பொறவு தொடல்ல."

அம்மா முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தாள். "அம்பது நாளா இதைத் தனியாவா சொமந்தே, மக்களே?"

"எங்கள விட நீ எவ்வளவோ பரவால்ல" என்று சொல்லி அப்பா மறுபடி தும்மினார்.

ஞானசிங்கின் வாய் கோணியது. கோணி, வெடித்தது. "சவம், நாலு கள்ளனுவளுக்கும் சேர்த்து அந்த நர்ஸம்மா என்ன மருந்து தரப்போறாவளோ!"

சிரித்து ஓய்ந்ததும் ஈரத்துணியால் அவனே எண்பத்தோரு கோடுகளையும் துடைத்தான். அடுப்பங்கரிக் கட்டையால் ஒற்றைக் கோடு போட்டான். பொடிமட்டையை அடுப்பில் எறிந்தான். புளிப்பானையைத் தூக்கி, தனக்கு மட்டுமே எட்டும் பரணில் வைத்தான்.

"நாளைக்கு மீன்குழம்புக்குப் புளி வேணுமே?" என்றாள் லீலாபாய்.

"நான் எடுத்துத் தருவேன். நீ கிட்ட வரப்படாது, கேட்டியா?"