சாட்சிப் பெட்டி

ஏழாம் நாள் காலை பெட்டியைத் திறந்து, மேலே இருந்த பங்கனபள்ளியைக் கையில் எடுத்ததுமே சாராளின் முகம் சுருங்கிப்போனது. காம்புப் பக்கம் மிளகு அளவில் மூன்று கரும்புள்ளிகள். அடுத்த பழத்திலும் இருந்தன. ஆரம்பாக்கத்து மாம்பழக் கிடங்கில் வந்திறங்கும் ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு பெட்டி காயைத் தனியே எடுத்துப் பழுக்கவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. சாட்சிப் பெட்டி என்பார்கள். வைத்த அன்று ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘ஒண்ணும் இல்ல’ என்று சீட்டு எழுதி ஒட்டியவளும் அவள்தான்.

தரம் பார்க்கும் சசிகுமாரிடம் காட்டினாள்.

"உம்மேல தப்பு இல்லக்கா. பிஞ்சா இருக்கசொல்லவே பூஞ்சணம் உள்ள பூந்துக்கும். பூந்துட்டு கம்முனு தூங்கினு இருக்கும். பழுக்கசொல்லதான் முழிக்கும்."

"அதுவரிக்கும் மேல ஒண்ணுமே தெரியாதா?"

"இன்னா லைட்டு போட்டு பாத்தாலும் தெரியாது."

அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். சாராளின் புருஷன் அன்புராஜ், கும்மிடிப்பூண்டியில் வெள்ளைக்கல் அரைக்கும் ஆலையில் பதினோரு வருஷம் இருந்தவன். புருவம் வரை கல்மாவு பூசிக்கொண்டு வருவான். ‘கெழவன் வந்துட்டான்’ என்று அவளும் கேலி செய்வாள். அந்த வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு முகாமில் நெஞ்சைப் படம் எடுத்து, ஒன்றும் இல்லை என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து இயந்திரத்தில் நின்ற வெங்கடேசனுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். கல்மாவு நெஞ்சை அடைத்துச் செத்த அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பழத்தில் புள்ளியைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் கண் சும்மா இருக்கவில்லை. அன்புராஜ் குளிக்கும்போது முதுகைப் பார்த்தாள். சாப்பிடும்போது தொண்டையைப் பார்த்தாள். பழம் பொறுக்குகிற கண்ணால் கட்டினவனைப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டான். "கூட்ஸ் வண்டி போவுது பாரு" என்றான். கீழே தண்டவாளம் காலியாகக் கிடந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள்.

அன்று சாயங்காலம் கேட்டுவிட்டாள்.

"நாளிக்கு போயி படம் எடுத்துனு வந்துடலாம்யா."

"அதான் எடுத்தாச்சே. ஒண்ணும் இல்லன்னுதான எழுதிக்கீறான்?"

"வெங்கடேசண்ணனுக்கு இன்னா எழுதினாங்க?"

அன்புராஜ் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"தெரியாத வரிக்கும் நான் நல்லாத்தான கீறேன், சாரா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. "எனக்கு பயமா கீதுயா. நீ தூங்கசொல்ல உன் நெஞ்சாண்ட காத வச்சினு கெடக்கிறேன். எனக்காவ வா" என்றாள்.

மறுநாள் கோயிலுக்குப் போடும் சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கதவு முழுதாகச் சாத்தவில்லை. பலகையோடு நெஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்கும் அவன் முதுகு தெரிந்தது.

"மூச்ச நல்லா இழுங்க. இழுத்து புடிங்க. விடாதீங்க" என்றது உள்ளே குரல்.

வெளியே சாராளும் இழுத்துப் பிடித்தாள். விடச் சொல்வதற்குள் அவன் முதுகு குலுங்கியது. இருமல் ஓய வெகுநேரமானது.

"பரவால்லண்ணா. இன்னொரு தபா. இழுங்க."

சட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவள் மறுபடி மூச்சை இழுத்தாள்.